எம்ஆர்ஐ சரியாக இருந்தும் அம்மா ஏன் மாறிக்கொண்டே போகிறார்? டிமென்ஷியாவில் மூளை இணைப்புகள் தளரும் வரிசை

கேள்வி இது: "சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 72 வயது, ஆயுசு முழுக்கப் பட்டுத்தறியில் உட்கார்ந்தவர். இரண்டு ஆண்டுகளாக மறதி. அல்சைமர் ஆரம்ப நிலை என்கிறார்கள், ஆனால் எம்ஆர்ஐயில் பெரிதாக ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறது. காலையில் நன்றாகப் பேசுகிறார், சாயங்காலமானால் வேறு ஆளாகிவிடுகிறார். சாப்பிட்டது நினைவில்லை, தறியில் அறுந்த இழையை மட்டும் இன்றும் சரியாக முடிச்சுப் போடுகிறார். மூளைக்குள் என்னதான் நடக்கிறது? நெட்வொர்க் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறதாமே, பெங்களூர் போய் எடுக்கலாமா? வெயிலுக்கு ஏற்காட்டில் இருக்கும் தம்பி வீட்டில் ஒரு மாதம் விடலாமா?"

எம்ஆர்ஐ காட்டுவது மூளையின் உருவத்தை. உங்கள் அம்மாவுக்கு முதலில் கெட்டிருப்பது அதன் நடப்பு. அல்சைமரில் செல்கள் பெருமளவில் மடிவதற்கு முன்பே அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறை குலையத் தொடங்கிவிடுகிறது. விளக்கு மெல்ல மங்குவதுபோல நேர்கோட்டில் அது நடப்பதும் இல்லை. சில இடங்கள் முதலில் அளவுக்கு மீறி உழைக்கின்றன, பிறகுதான் ஓய்கின்றன. இந்த வரிசை பிடிபட்டால் வீட்டில் நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதிக்கு விடை கிடைத்துவிடும்.

மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடலின் சக்தியில் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருந்தாலும் இந்தச் செலவு பெரிதாகக் குறையாது. அப்படிச் சும்மா இருக்கும்போது சில பகுதிகள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. 2001இல் மார்கஸ் ரெய்க்கிள் குழுவினர் அந்த நிலைக்கு டீஃபால்ட் மோடு என்று பெயர் வைத்தார்கள். உச்சந்தலைக்குப் பின்புறம் உள்நடுவில் இருக்கும் பிரிகூனியஸ், அதையொட்டிய பின் சிங்குலேட், நெற்றிக்குப் பின்னால் நடுப்பகுதி, காதுக்கு மேலே பின்பக்கம் இருபுறமும் இருக்கும் ஆங்குலர் கைரஸ் ஆகியவை இதன் முக்கிய உறுப்புகள். புது நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் இவற்றோடு நெருங்கிய தொடர்பில் இருக்கிறது. நேற்று யார் வந்தார்கள், நாளைக்கு யார் வீட்டு விசேஷம், நான் இப்போது எங்கே இருக்கிறேன் என்பதெல்லாம் இந்தக் கூட்டத்தின் வேலை. அல்சைமர் முதலில் கைவைப்பதும் இங்கேதான்.

ஏன் இங்கே? சேலம் ஜங்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். ஜோலார்பேட்டை, ஈரோடு, பெங்களூர், கரூர், விருத்தாசலம் என்று எல்லாத் தடங்களும் அங்கே வந்து சேர்கின்றன. வழியில் ஒரு சின்ன ஸ்டேஷன் மூடினால் அந்த ஊருக்கு மட்டும்தான் சங்கடம். ஜங்ஷன் தடுமாறினால் எல்லா வண்டியும் சுற்றிப் போகவேண்டும், சுற்றுவழியிலும் நெரிசல் ஏறும். பிரிகூனியஸும் பின் சிங்குலேட்டும் மூளையின் ஜங்ஷன்கள். ஓயாத போக்குவரத்து, அதற்கேற்ற சக்திச் செலவு, அதற்கேற்ற தேய்மானம். உயிருள்ள மனிதர்களின் மூளையில் அமிலாய்டு புரதம் படியும் இடங்களைப் படமெடுத்துப் பார்த்தபோது, அவை டீஃபால்ட் மோடு நெட்வொர்க்கின் மேல் ஏறக்குறைய அச்சாகப் பொருந்தின. ராண்டி பக்னர் குழு 2005இல் இதைக் காட்டியது. நோய் கண்ட கண்ட இடத்தில் விழுவதில்லை, நெட்வொர்க்கின் தடத்தைப் பிடித்துப் போகிறது என்பது அதன்பிறகு உறுதியாகிக்கொண்டே வந்தது.

இனி ஆண்டுக் கணக்கு. அமிலாய்டு படிய ஆரம்பித்து மறதி வெளியே தெரிவதற்கு 15 முதல் 20 ஆண்டுகள்கூட ஆகும். அதாவது அம்மாவுக்கு இது தொடங்கியது ஐம்பதுகளில், கை ஓடத் தறி நெய்துகொண்டிருந்த காலத்தில். டாவ் என்ற இன்னொரு புரதம் ஹிப்போகேம்பஸுக்கு வாசல்போல இருக்கும் எண்டோரைனல் பகுதியில் தொடங்கி, நினைவுப் பகுதிகள் வழியாக மேற்புற மூளைக்குப் பரவுகிறது. 1991இல் பிராக் தம்பதியர் இதை 6 படிகளாக வகுத்தார்கள். இன்றும் அந்தக் கணக்குதான் நடைமுறையில். அறிகுறியின் அளவு அமிலாய்டைவிட டாவ் எங்கே எட்டியிருக்கிறது என்பதோடுதான் நன்றாக ஒத்துப்போகிறது.

இந்த மௌன காலத்தில் நெட்வொர்க் சும்மா இருப்பதில்லை. அமிலாய்டு மட்டும் ஏறி, டாவ் இன்னும் பரவாத நிலையில், டீஃபால்ட் மோடு நெட்வொர்க்கின் உள்ளிணைப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. டாவும் சேர்ந்தபிறகு குறைகிறது. எலிகளில் பார்த்தால், அமிலாய்டுத் திட்டுக்கு அருகில் இருக்கும் நரம்புச் செல்கள் அடங்குவதற்குப் பதிலாக ஓயாமல் மின்துடிப்பை அனுப்புகின்றன. பக்கத்துச் செல்களை அடக்கிவைக்கும் தடுப்புச் செல்கள் பலவீனமாகிவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

லேசான மறதி நிலைக்கு வரும்போது இதே கதை ஹிப்போகேம்பஸில் பளிச்சென்று தெரிகிறது. ஒரு முகத்தையும் பெயரையும் சேர்த்து மனப்பாடம் செய்யச் சொன்னால், அதே வயதுள்ள நலமான ஒருவரைவிட இவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் அதிகமாக இயங்குகிறது. ஈடுகட்ட மூளை கூடுதலாக உழைக்கிறது, நல்லதுதானே என்று முதலில் நினைத்தார்கள். 2012இல் வந்த ஒரு ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது: வலிப்புக்குக் கொடுக்கும் லெவெடிராசெட்டம் மருந்தை மிகக் குறைந்த அளவில் கொடுத்து அந்த மிகைச் செயலை அடக்கியபோது, நினைவுச் சோதனையில் தேர்ச்சி ஏறியது. ஆக அந்த மிகை உழைப்பே நோயின் ஒரு பகுதி. இதைப் படித்துவிட்டு அந்த மாத்திரையைக் கேட்டு வாங்க வேண்டாம். அல்சைமர் நோயாளிகளுக்கு நாளுக்கு இருமுறை 125 மில்லிகிராம் கொடுத்து 2021இல் வெளியான சோதனையில் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது பலன் நிரூபணமாகவில்லை. மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜியில் வலிப்பு அலைகள் தெரிந்தவர்களுக்கு மட்டும் சில சோதனைகளில் முன்னேற்றம் கிடைத்தது.

வீட்டுக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படிக்கவேண்டும். அல்சைமர் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு, குறிப்பாகத் தூக்கத்தில், வெளியே தெரியாத வலிப்பு அலைகள் ஓடுகின்றன. கைகால் வெட்டி இழுக்காது. பேசிக்கொண்டே இருந்தவர் ஓரிரு நிமிடம் வெறித்துப் பார்ப்பார், உதட்டைச் சப்புவார், புடவை முந்தானையைக் காரணமில்லாமல் தடவிக்கொண்டிருப்பார், பிறகு அந்த நேரம் நடந்தது எதுவும் தெரியாது. 'வயசாயிடுச்சு' என்று அதைத் தள்ளிவிடுவார்கள். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தால் போனில் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அது மருந்துக்குக் கட்டுப்படும் விஷயம்.

அடுத்த கட்டம் உங்கள் அம்மா இப்போது இருக்கும் இடம். டீஃபால்ட் மோடு நெட்வொர்க்கின் பின்பாதி தளர்கிறது. ஹிப்போகேம்பஸுக்கும் பின் சிங்குலேட்டுக்கும் இடையே ஒத்திசைவு குறைகிறது. 2004இல் மைக்கேல் கிரீசியஸ் குழு இதைக் காட்டியது. சுமை முன்பக்கத்துக்கு, நெற்றிப் பகுதிக்கு மாறுகிறது. நெற்றிப் பகுதிக்கு வேறு வேலை உண்டு: கவனம், திட்டமிடல், வாயை அடக்குதல். நினைவின் வேலையையும் அதன் தலையில் கட்டினால் இரண்டும் அரைகுறையாகும். எதிர்பாராத பெரிய செலவோ, வீடு நிறைய விருந்தாளியோ வந்தால் மூளை திணறுவது இதனால்தான்.

இதே நேரத்தில் வேறொரு நெட்வொர்க் எகிறுகிறது. எது முக்கியம், எது ஆபத்து என்று மணியடிப்பது சேலியன்ஸ் நெட்வொர்க். அல்சைமரில் டீஃபால்ட் மோடு இறங்க இறங்க சேலியன்ஸ் ஏறுகிறது. பிறர் முகவாட்டத்தை இவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வதற்கும், காரணமில்லாத பதற்றத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நீங்கள் சொன்னது அம்மாவுக்கு மறந்துபோகும், சொன்ன குரல் மறக்காது. ஃபிரண்டோடெம்பொரல் வகை டிமென்ஷியாவில் இது அப்படியே தலைகீழ்: சேலியன்ஸ் உடைகிறது, டீஃபால்ட் மோடு ஏறுகிறது. நினைவு ஓரளவு இருக்கும், ஆனால் கூச்சம், இரக்கம், அடக்கம் போய்விடும். ஐம்பதுகளில் குணம் மாறிப்போன ஒருவரை அல்சைமர் என்று எண்ணி மருந்து கொடுத்துப் பயனில்லாமல் போவது இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்.

நடுநிலைக் கட்டத்தில் நெட்வொர்க்குகளுக்கு இடையே இருக்கவேண்டிய வரப்பு அழிகிறது. ஒரு வேலையில் கவனம் வைக்கும்போது டீஃபால்ட் மோடு தணியவேண்டும். அது தணிவதில்லை. சோறு பிசையும்போதே இருபது ஆண்டுக்கு முந்தைய சண்டை உள்ளே ஓடும், வாய்வழியாக வெளியேயும் வரும். மொழி, வழி கண்டுபிடிப்பது, புடவை கட்டும் வரிசை என்று ஒவ்வொன்றாகக் குழம்பும். கடைசிக் கட்டத்தில்தான் கைகால் அசைவு, விழுங்குவது ஆகியவற்றை நடத்தும் நெட்வொர்க்குகளுக்கு நோய் எட்டுகிறது.

தறி நினைவிருப்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது. கைப்பழக்கம் ஹிப்போகேம்பஸில் குடியிருப்பதில்லை. உடலசைவுப் பகுதி, சிறுமூளை, உள்ளே இருக்கும் பேசல் கேங்லியா இவற்றின் சுற்றில் பதிந்திருக்கிறது, அந்தச் சுற்றை அல்சைமர் கடைசியில்தான் தொடுகிறது. எனவே அவரை "எப்படிம்மா முடிச்சுப் போடறே, சொல்லு" என்று கேட்காதீர்கள். சொல்வது வேறு நெட்வொர்க்கின் வேலை, அங்கே தடுமாறி மனம் நொந்துபோவார். இழையைக் கையில் கொடுத்தால் போதும். பூ கட்டுவது, வெங்காயம் உரிப்பது, கொலுசில் முத்துக் கோப்பது எல்லாம் இதே வகை. வேலையைச் சின்னச் சின்னப் படியாக உடைத்து, ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் முன்னால் வையுங்கள்.

சாயங்காலப் பிரச்சினைக்கு வருவோம். பல காரணங்கள் ஒன்றாகக் கூடும் நேரம் அது. பகல் இரவை அறிந்து உடம்புக்கு நேரம் சொல்லும் மூளைப் பகுதியும் இந்த நோயில் தேய்கிறது. கவனத்தைத் தாங்கிப்பிடிக்கும் அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் அடிமூளைச் செல்கள் ஆரம்பத்திலேயே குறைந்துவிடுகின்றன. தளர்ந்த நெட்வொர்க் நாள் முழுக்க ஓடிக் களைத்திருக்கும். இதன்மேல் சேலத்து ஏப்ரல், மே வெயிலில் தண்ணீர் குடிக்க மறந்த உடம்பு, பக்கத்து வீட்டு விசைத்தறியின் ஓயாத சத்தம், மங்கலான டியூப்லைட்டில் சுவரில் ஆடும் நிழல். நலமான மூளை அந்தத் தறிச் சத்தத்தைப் பத்து நிமிடத்தில் வடிகட்டிவிடும். வடிகட்டும் நெட்வொர்க் பழுதானவருக்கு ஒவ்வொரு அடியும் புதிதாகவே கேட்கும். காலை 7 மணிக்குள் வாசலில் வெளிச்சத்தில் அரைமணி நேரம் உட்காரவையுங்கள். பகல் தூக்கம் மதியம் அரைமணியோடு நிற்கட்டும். இருட்டும் முன்பே, ஐந்தரைக்கெல்லாம், எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். தண்ணீரை 'குடிச்சியா' என்று கேட்காமல் இரண்டு மணிக்கொரு முறை டம்ளரைக் கையில் கொடுங்கள். சிறுநீரகமோ இதயமோ பழுதுள்ளவர் என்றால் அளவை மருத்துவர் சொல்லட்டும். குளியல், நகம் வெட்டுவது, ஆஸ்பத்திரி என்று அடம்பிடிக்கக்கூடிய எதையும் காலையில் முடித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. தினமும் சாயங்காலம் வந்து காலையில் தெளிவது ஒன்று. ஓரிரு நாளில் திடீரென்று சரிவது முற்றிலும் வேறு. அல்சைமர் நெட்வொர்க்கை ஆண்டுக் கணக்கில் தளர்த்துகிறது; செவ்வாய்க்கிழமை நடந்தவர் வியாழக்கிழமை எழுந்திருக்க முடியாமல் உளறினால் அது நோய் முற்றியது இல்லை. டெலிரியம் என்ற மூளைக் குழப்பம், அதற்குப் பின்னால் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு காரணம் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, நீர் வற்றுதல், சோடியம் இறங்குதல், நாள்பட்ட மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை, எப்போதோ விழுந்ததில் மண்டைக்குள் கசிந்த ரத்தம். நம் வீடுகளில் அடிக்கடி தவறவிடுவது சர்க்கரை இறங்குவதை. சர்க்கரை மாத்திரை போட்டதை மறந்து இரண்டாம் முறை போடுவார், சாப்பிட்டதாக நினைத்துச் சாப்பிடாமல் இருப்பார். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையில் இருப்பவர் குழம்பினால் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். விழுங்க முடியாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். மாத்திரை டப்பா அம்மாவின் கைக்கு எட்டக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

நெட்வொர்க் ஸ்கேனுக்குப் பெங்களூர் போகவேண்டாம் என்பதே என் பதில். நீங்கள் கேள்விப்பட்டது ஓய்வுநிலை எஃப்எம்ஆர்ஐ. ஸ்கேனரில் ஆறிலிருந்து பத்து நிமிடம் அசையாமல் படுக்கவைத்து, ரத்த ஓட்டத்தின் மெதுவான ஏற்ற இறக்கங்கள் எந்தெந்தப் பகுதியில் ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது. மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி இதிலிருந்து வந்ததுதான், ஆனால் நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியாக வந்தது. ஒரு தனி ஆளுக்கு இது ஆட்டம் காணும். தலை ஓரிரு மில்லிமீட்டர் அசைந்தாலே தொலைவிலுள்ள பகுதிகளின் இணைப்பு பொய்யாகப் பலவீனமாகத் தெரியும், அருகிலுள்ளவை பொய்யாகப் பலமாகத் தெரியும். டிமென்ஷியா உள்ளவர்தான் அதிகம் அசைவார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ரத்தக் குழாயைக் கெடுத்திருந்தால் நரம்பு நன்றாக இருந்தாலும் அளவீடு தப்பும். வரும் படம் எதுவானாலும் அம்மாவின் மருந்துச்சீட்டில் ஒரு வரிகூட மாறாது.

அந்தப் பணத்தில் செய்யக்கூடியவை வேறு. ஏற்கெனவே எடுத்த எம்ஆர்ஐ சிடியை எடுத்துப்போய், ஹிப்போகேம்பஸ் சுருக்கத்துக்கு எம்டிஏ மதிப்பெண்ணும், வெள்ளைப் பொருள் பாதிப்புக்கு ஃபாசேகாஸ் மதிப்பெண்ணும் போட்டுத் தரமுடியுமா என்று கேளுங்கள். எம்டிஏ 0 முதல் 4 வரை. 75 வயதுக்குக் கீழே 2 அல்லது அதற்கு மேல் என்றால் இயல்பு இல்லை. 'வயதுக்கேற்ற மாற்றம்' என்ற ஒற்றை வரிக்குள் இது ஒளிந்திருப்பது உண்டு. ஃபாசேகாஸ் 0 முதல் 3 வரை. 3 என்றால் நெட்வொர்க்குகளை இணைக்கும் கம்பிகளே ரத்தக் குழாய்க் கோளாறால் அறுந்திருக்கின்றன என்று பொருள். அப்படியானால் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பிடித்துநிறுத்துவதுதான் முதல் சிகிச்சை. மாதமாதம் அந்த மாத்திரைகளை வாங்க அலைவது சிரமமென்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும். பி12, தைராய்டு, சோடியம் பார்த்திருக்கிறார்களா என்றும் சரிபாருங்கள். கேட்கும் திறனையும் சோதியுங்கள். காது மந்தமானால் வார்த்தையைப் பிடிக்கவே மூளையின் பாதி உழைப்பு போய்விடும்.

இஇஜி எளிய சோதனை, செலவும் குறைவு, நெட்வொர்க்கின் வேகத்தை நேரடியாகக் காட்டும். கண்ணை மூடியிருக்கும்போது பின்தலையில் நொடிக்கு 8 முதல் 12 வரை ஓடும் ஆல்ஃபா அலை, அல்சைமரில் மெல்ல வேகம் குறைகிறது. முதலில் 4 முதல் 8 வரையிலான தீட்டா அலை கூடுகிறது, முற்றிய நிலையில் அதைவிட மந்தமான டெல்டா. லூயி பாடி என்ற இன்னொரு வகை டிமென்ஷியாவில் இந்த மந்தம் ஆரம்பத்திலேயே தெரியும், அதுவும் நிலையில்லாமல் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே நாளுக்குள் தெளிவும் குழப்பமும் மாறிமாறி வந்து, இல்லாத ஆள்களும் குழந்தைகளும் கண்ணுக்குத் தெரிந்தால் அந்த வகையைச் சந்தேகிக்கவேண்டும். அவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்ற ஊசியைப் போட்டால் உடல் இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம். இஇஜிக்கு முந்தின நாள் தலைக்குக் குளித்து எண்ணெய் வைக்காமல் வரச்சொல்லுங்கள், எண்ணெய்த் தலையில் மின்முனை சரியாகப் பிடிக்காது. பதிவின்போது கண்ணயர்ந்துவிட்டால் அந்தத் தூக்க அலையே நோய் அலைபோலத் தெரியும் என்பதால் விழித்திருக்கும் பகுதியும் பதிவாகவேண்டும். தூக்க மாத்திரை போடுபவர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், அது அலையை மாற்றும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் விசாரித்துத் தொடங்கலாம்.

டோனெபெசில் கொடுத்திருப்பார்கள். குறைந்துபோன அசெட்டைல்கோலினைக் கொஞ்சம் நீடித்து நிற்கவைப்பது அதன் வேலை. 5 மில்லிகிராமில் தொடங்கி நான்கு முதல் ஆறு வாரம் கழித்து 10. இதயத் துடிப்பைக் குறைக்கும் என்பதால் தொடங்குமுன் ஈசிஜி நல்லது. வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், கெட்ட கனவு வந்தால் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒருபக்கம் இதைக் கொடுத்துக்கொண்டே மறுபக்கம் அசெட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்தையும் கொடுப்பது சகஜமாக நடக்கிறது: சளிக்கு குளோர்பெனிரமின், வலிக்கும் தூக்கத்துக்கும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அவசரத்துக்கு ஆக்ஸிபியூட்டினின், நடுக்கத்துக்கு டிரைஹெக்ஸிபெனிடில். எல்லா டாக்டர் சீட்டையும் ஒரே பையில் போட்டு ஒருவரிடம் காட்டுங்கள்.

ஏற்காடு விஷயம் இதோடு சேர்ந்ததுதான். வெயிலிலிருந்து தப்பிப்பது நல்லதே, உயரமும் ஒரு பொருட்டில்லை. சிக்கல் இரண்டு. புது வீட்டின் வரைபடத்தை மனத்தில் வரைவது ஹிப்போகேம்பஸும் பிரிகூனியஸும் சேர்ந்து செய்யும் வேலை, இரண்டுமே பழுது. அம்மாபேட்டை வீட்டில் இருட்டில்கூடக் கொல்லைக்குப் போய்வருபவர், அங்கே பகலிலேயே கழிவறையைத் தேடுவார். ஒரு மாதம் என்று எடுத்த எடுப்பில் வேண்டாம், முதலில் மூன்று நான்கு நாள். கூட அவர் தினமும் பார்க்கும் ஒருவர் இருக்கட்டும், அம்மாவின் பாய், தலையணை, சாமி படம் கூடவே போகட்டும். கழிவறைக் கதவைத் திறந்தே வைத்து உள்ளே விளக்கு எரியட்டும். வாசல் கதவுக்கு மேல்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். மூடுபனியில் காப்பித் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டால் கூப்பிட்டாலும் திசை தெரியாது, காட்டெருமை நடமாட்டம் வேறு. சேலைத் தலைப்பின் உள்பக்கம் உங்கள் போன் எண்ணைத் தைத்துவிடுங்கள்.

இரண்டாவது சிக்கல், 20 கொண்டை ஊசி வளைவுக்குப் பயந்து அடிவாரத்து மருந்துக்கடையில் வாங்கிப் போடும் வாந்தி மாத்திரை. அதில் பெரும்பாலும் புரோமெத்தசின் இருக்கும், அசெட்டைல்கோலினைப் பலமாகத் தடுக்கும் மருந்து அது. மேலே போய்ச் சேர்ந்த அன்றிரவு அம்மா கட்டிலைவிட்டு இறங்கி ஊருக்குக் கிளம்பினால், பழியை இடமாற்றத்தின் மேல் போடுவதற்கு முன் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மெட்டோகுளோபிரமைடும் வேண்டாம், கைகால் இறுக்கத்தை உண்டாக்கும். காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்தி, முன்சீட்டில் உட்காரவைத்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, ஏழெட்டு வளைவுக்கு ஒருமுறை வண்டியை ஓரங்கட்டினால் மாத்திரை இல்லாமலே பெரும்பாலானவர்கள் ஏறிவிடுவார்கள்.